ஆண்களின் இனப்பெருக்க நலமும் பாலியல் நலமும்: ஆய்வுகள் என்ன சொல்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தை தள்ளிப்போகிறது என்றால் பெண் மாதக்கணக்கில் மருத்துவமனைக்கு நடந்து, ஸ்கேன், ஊசி, மாத்திரை எல்லாம் பார்த்த பிறகுதான் ஆணிடம் ஒரு பரிசோதனை கேட்கப்படுகிறது. தாம்பத்தியத்தில் சிக்கல் என்றாலும் இதே கதைதான். மருத்துவரிடம் வருவதற்குள் விளம்பரத்தில் பார்த்த நாலைந்து டப்பா காலியாகியிருக்கும். ஆணின் உடலைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் நிறையவே கண்டறிந்திருக்கிறார்கள். அது தேவைப்படுபவரின் காதுக்கு வந்து சேர்வதில்தான் தாமதம். அடிக்கடி வரும் கேள்விகளுக்கு, உறுதியாகத் தெரிந்ததை மட்டும் வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

குழந்தையின்மைக்கு ஆண் காரணமாக இருப்பது சகஜமா?

மிகவும் சகஜம். வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது குழந்தையின்மையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் கணக்கிட்டது. இப்படிப்பட்ட தம்பதிகளில் சுமார் பாதிப் பேரிடம் ஆண் பக்கத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. சிலரிடம் அது ஒன்றே காரணம். எனவே ஓர் ஆண்டு முயன்றும் கரு தங்கவில்லை என்றால், பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே, இருவரும் ஒரே சமயத்தில் பரிசோதனைக்குப் போக வேண்டும். விந்துப் பரிசோதனைக்கு ஊசி கிடையாது, மயக்க மருந்து கிடையாது. அதைச் செய்யாமல் பெண்ணுக்கு மட்டும் ஆண்டுக்கணக்கில் சிகிச்சை பார்ப்பது அநியாயம்.

விந்துப் பரிசோதனையில் அப்படி என்ன பார்க்கிறார்கள்?

இரண்டு முதல் ஏழு நாள்வரை விந்து வெளியேறாமல் இருந்துவிட்டு மாதிரி கொடுக்கச் சொல்வார்கள். வெளியேறிய சில நிமிடங்களில் விந்து கூழாக இறுகும். பிறகு தானாகவே நீர்த்துவிடும். பெரும்பாலும் அரை மணி நேரத்தில் நீர்க்கும், ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் அதுவே குறித்துவைக்க வேண்டிய விஷயம். வீட்டிலிருந்து கொண்டுபோவதானால் உடல் சூடு குறையாமல் ஒரு மணி நேரத்துக்குள் சேர்த்துவிட வேண்டும். நேரமானாலோ குளிர்ந்தாலோ அணுக்களின் ஓட்டம் குறைந்துவிடும்.

ஆய்வகத்தில் ஒரு துளியை, நுண்ணிய கட்டங்கள் பொறித்த கண்ணாடித் தகட்டில் விட்டு நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். முறைப்படி குறைந்தது 200 அணுக்களை எண்ண வேண்டும். பிறகு அதே மாதிரியிலிருந்து இன்னொரு துளியில் மறுபடியும் 200. இரண்டு எண்ணிக்கையும் ஒத்துவரவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து. அடுத்தது ஓட்டம்: முன்னோக்கி நீந்துபவை எத்தனை, இருந்த இடத்திலேயே துடிப்பவை எத்தனை, அசையாதவை எத்தனை. கடைசியில் சாயமேற்றி, தலை, கழுத்து, வால் என்று வடிவத்தைப் பார்ப்பார்கள். இவ்வளவு பொறுமையாக எண்ணாத ஆய்வகங்களும் உண்டு. ஒரே மனிதரின் எண்ணிக்கையே வாரத்துக்கு வாரம் கணிசமாக ஏறி இறங்கும். அதனால், முடிவு சரியில்லை என்றால் சில வாரம் கழித்து இன்னொரு முறை பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

எண்ணிக்கை 'நார்மலுக்குக் கீழே' என்று வந்திருக்கிறது. எனக்குக் குழந்தையே பிறக்காதா?

அப்படிப் பொருள் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கையேட்டின் ஆறாம் பதிப்பு (2021) ஒரு மில்லி லிட்டருக்கு 1.6 கோடி, மொத்தமாக 3.9 கோடி, ஓட்டமுள்ளவை 42 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம் என்று கீழ் வரம்புகளைத் தருகிறது. இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற, அதாவது ஏற்கெனவே தந்தையாகிவிட்ட ஆண்களின் விந்தை அளந்து, அவர்களில் மிகக் கீழே இருந்த ஐந்து சதவீதத்தினரைப் பிரிக்கும் கோட்டையே வரம்பாக எடுத்தார்கள். ஆக, தந்தையானவர்களிலேயே நூற்றுக்கு ஐந்து பேர் அந்த வரம்புக்குக் கீழே இருந்தவர்கள்தான். கோட்டுக்கு மேலே இருப்பவருக்கு நிச்சயம் குழந்தை பிறக்கும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. 'சரியான வடிவம் 4 சதவீதம்' என்று அறிக்கையில் பார்த்துவிட்டு, மீதி 96 சதவீதமும் கெட்டுப்போனது என்று உடைந்துபோகிறவர்கள் பலர். மனித இனத்தில் அதுதான் இயல்பு.

உலகம் முழுக்க விந்தணு எண்ணிக்கை குறைந்துவருகிறது என்கிறார்களே, உண்மையா?

இந்த விவாதத்துக்கு முப்பது ஆண்டுக்கும் மேல் வயது. 1992-ல் டென்மார்க்கின் நீல்ஸ் ஸ்காகபெக் குழுவினர் பழைய 61 ஆய்வுகளைத் தொகுத்து, சராசரி எண்ணிக்கை 1940-ல் மில்லி லிட்டருக்கு 11.3 கோடியாக இருந்தது, 1990-ல் 6.6 கோடியாக இறங்கிவிட்டது என்றார்கள். 2017-ல் ஹகாய் லெவின், ஷானா ஸ்வான் உள்ளிட்டோர் 185 ஆய்வுகள், ஏறக்குறைய 43,000 ஆண்கள் என்று இன்னும் பெரிய தொகுப்பைச் செய்தார்கள். 1973-க்கும் 2011-க்கும் இடையே மேற்கு நாடுகளில் பாதிக்கும் மேல் சரிவு என்பது அதன் முடிவு. 2022-ல் ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா ஆகியவற்றையும் சேர்த்தபோது, 1973-ல் 10.1 கோடி, 2018-ல் 4.9 கோடி என்று வந்தது. 2000-க்குப் பிறகு சரிவு இன்னும் வேகமானது என்றும் சொன்னார்கள்.

மறுப்பவர்களின் வாதமும் பலமானதுதான். ஐம்பது ஆண்டுக்கு முன்பு எண்ணிய முறை வேறு, கருவி வேறு. யார் மாதிரி கொடுக்க முன்வருகிறார்கள் என்பதும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. பல நாடுகளிலிருந்து பழைய தரவே இல்லை. 4.9 கோடி என்ற சராசரியும் 1.6 கோடி வரம்புக்கு வெகுவாக மேலே இருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், சரிவு என்ற கருத்தைத் தள்ளிவிட முடியாத அளவுக்குச் சான்று இருக்கிறது. மனித குலம் அழியப்போகிறது என்று தலைப்பு போடும் அளவுக்குச் சான்று இல்லை. ஒரே முறையில், ஒரே தரத்தில், பல நாடுகளில் தொடர்ந்து அளந்தால்தான் விடை கிடைக்கும். பிறப்பு விகிதம் குறைவதை இதோடு முடிச்சுப் போடாதீர்கள். எத்தனை குழந்தை வேண்டும் என்று மக்கள் முடிவெடுப்பது அதில் மிகப் பெரிய பங்கு வகிக்கிறது.

வேதிப்பொருள்கள் விந்தணுவைக் கெடுக்குமா?

சில கெடுக்கும் என்பது சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது. 1977-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் லேத்ராப் என்ற ஊரில் இருந்த பூச்சிக்கொல்லி ஆலையில் இது வெளிச்சத்துக்கு வந்தது. முதலில் கண்டுபிடித்தவர்கள் விஞ்ஞானிகள் அல்லர். தங்களில் யார் வீட்டிலும் சமீபத்தில் குழந்தை பிறக்கவில்லை என்று தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதில்தான் எல்லாம் தொடங்கியது. பரிசோதித்தால், அந்தப் பிரிவில் நெடுநாள் வேலை பார்த்த பலருக்கு விந்தணு மிகக் குறைவு, சிலருக்கு ஒன்றுகூட இல்லை. மண்ணில் உள்ள நூற்புழுக்களைக் கொல்லப் பயன்பட்ட டி.பி.சி.பி. என்ற மருந்துதான் காரணம். இத்தனைக்கும் அது விலங்குகளின் விதைகளைச் சுருக்குகிறது என்று 1961-லேயே ஆய்வுக் கட்டுரை வெளியாகியிருந்தது. வேலையை விட்ட பிறகு சிலருக்கு எண்ணிக்கை திரும்பியது. சிலருக்குத் திரும்பவே இல்லை. எச்சரிக்கை வந்தும் வீணாகக் கழிந்த அந்த 16 ஆண்டுகளை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

ஈயம், கதிர்வீச்சு, புற்றுநோய் மருந்துகள் ஆகியவற்றின் பாதிப்பும் தெளிவாக நிறுவப்பட்டது. பிளாஸ்டிக்கை மென்மையாக்கப் பயன்படும் தாலேட்டுகள் போன்றவற்றைப் பொறுத்தவரை விலங்கு ஆய்வுகள் கவலை தருகின்றன, மனிதர்களிடமும் தொடர்பு தென்படுகிறது. ஆனால் அன்றாட வாழ்க்கையில் உடலில் சேரும் சிறு அளவு எந்த அளவுக்குக் கெடுக்கிறது என்பது ஆய்வில்தான் இருக்கிறது. பூச்சிமருந்து, கரைப்பான், உலோகப் புகை, அதிக வெப்பம் இவற்றுக்கு நடுவே வேலை செய்பவர் என்றால் மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

பேன்ட் பாக்கெட்டில் மொபைல், இறுக்கமான உள்ளாடை, மடியில் லேப்டாப்?

விதைகள் உடலுக்கு வெளியே தொங்குவதே, உடலைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவான வெப்பத்தில்தான் விந்தணு நன்றாக உருவாகும் என்பதால். எனவே சூடு ஒரு பொருட்டுதான். கடும் காய்ச்சல் வந்து போனால்கூடச் சில வாரங்களுக்கு எண்ணிக்கை இறங்கும். அமெரிக்காவில் 656 ஆண்களிடம் நடந்த 2018 ஆய்வில், தளர்வான உள்ளாடை அணிந்தவர்களின் எண்ணிக்கை 25 சதவீதம் அதிகமாக இருந்தது.

மொபைல் விஷயத்தில் சுவிட்சர்லாந்தின் 2023 ஆய்வைச் சொல்லலாம். 18 முதல் 22 வயதுவரை உள்ள 2,886 இளைஞர்களில், நாளுக்கு 20 முறைக்கு மேல் போனைப் பயன்படுத்தியவர்களிடம் எண்ணிக்கை சற்றுக் குறைவாக இருந்தது. ஆனால் போனைப் பாக்கெட்டில் வைத்தார்களா, பையில் வைத்தார்களா என்பதால் வித்தியாசம் தெரியவில்லை. போனை ஓயாமல் பார்ப்பவரின் தூக்கம், உட்கார்ந்தே இருக்கும் பழக்கம் போன்றவையும் இதில் கலந்திருக்கலாம். போன்தான் காரணம் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

விந்தணு கூட மாத்திரை, பொடி ஏதாவது சாப்பிடலாமா?

பணத்தைச் செலவழிக்கும் முன் ஒரு பெரிய ஆய்வைத் தெரிந்துகொள்ளுங்கள். துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் சேர்த்து விற்கப்படும் மாத்திரைகள் ஏராளம். 2020-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 2,370 தம்பதிகள் பங்கேற்றார்கள். பாதி ஆண்களுக்கு அந்த மாத்திரை, மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை, ஆறு மாதம். விந்தின் தரத்திலும் முன்னேற்றம் இல்லை, பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கையிலும் வித்தியாசம் இல்லை. மாத்திரை உண்டவர்களுக்கு வயிற்றுத் தொந்தரவுதான் கூடியது.

பலன் தரக்கூடியவை புகையை விடுவது, உடல் எடையைக் குறைப்பது, மதுவைக் குறைப்பது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது. ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள், அது முதிர்ந்து வெளியே வர இன்னும் ஓரிரு வாரம். ஆகவே எந்த மாற்றத்தின் பலனையும் மூன்று மாதம் கழித்துத்தான் அறிக்கையில் பார்க்க முடியும். பத்தே நாளில் எண்ணிக்கை இரட்டிப்பாகும் என்று விளம்பரம் வந்தால், அது உடலின் கணக்குக்கே ஒத்துவராது.

சோர்வாக இருக்கிறது, ஆர்வம் குறைந்திருக்கிறது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை ஊசியாகப் போட்டுக்கொள்ளலாமா?

குழந்தை வேண்டும் என்று நினைப்பவர் இந்த ஒரு பதிலையாவது முழுக்கப் படிக்க வேண்டும். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால், போதுமான அளவு இருக்கிறது என்று மூளை நினைத்து, விதைகளுக்கு அனுப்பும் கட்டளை ஹார்மோன்களை நிறுத்திவிடும். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் நிறைந்திருக்கும். விதைக்குள் அது வற்றிப்போகும். விந்தணு உற்பத்தி நின்றுவிடும். இது எவ்வளவு உறுதியானது என்றால், உலக சுகாதார நிறுவனம் இதையே ஆண்களுக்கான கருத்தடையாகச் சோதித்துப் பார்த்தது. வாராவாரம் ஊசி போட்ட 271 ஆண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு விந்தணு அறவே இல்லாமல் போனதாக 1990-ல் வெளியான அதன் முடிவு சொல்கிறது. உடற்பயிற்சிக்கூடத்தில் தசைக்காக ஸ்டீராய்டு எடுக்கும் இளைஞர்களுக்கு நடப்பதும் இதேதான். நிறுத்தினால் பெரும்பாலோருக்குத் திரும்பும். அதற்குப் பல மாதம் ஆகலாம், ஓரிரு ஆண்டும் ஆகலாம்.

உண்மையிலேயே குறைபாடு உள்ளவர்களுக்கு ஊசியோ ஜெல்லோ பயன் தருகிறது. ஆனால் அவர்கள் விளம்பரங்கள் சொல்லும் அளவுக்குப் பெரிய கூட்டம் இல்லை. ஐரோப்பாவில் 40 முதல் 79 வயதுவரை உள்ள ஆண்களிடம் நடந்த ஆய்வு (2010), அறிகுறியும் ரத்தத்தில் குறைவும் சேர்ந்து இருந்தவர்கள் 2.1 சதவீதம்தான் என்று கண்டது. காலையில், இரண்டு தனித்தனி நாள்களில் ரத்தம் எடுத்துப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். இதய ஆபத்து உள்ள 5,200-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில் மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. ஆனால் ஒழுங்கற்ற இதயத் துடிப்பும் நுரையீரலில் ரத்தக்கட்டியும் சற்றுக் கூடின. மேற்பார்வை இல்லாமல் எடுக்கும் மருந்து இது அல்ல.

விறைப்புத்தன்மை குறைகிறது. மனம்தான் காரணமா?

மனமும் காரணமாகலாம். காலையில் இயல்பாக வரும் விறைப்பு குறையாமல், உறவின்போது மட்டும் தடுமாறினால் பெரும்பாலும் பதற்றம், மன அழுத்தம் என்று கொள்ளலாம். ஆனால் மெல்ல மெல்ல, எல்லா நேரத்திலும் குறைந்துவந்தால் ரத்தக்குழாயைப் பற்றி யோசிக்க வேண்டும். விறைப்பு என்பதே ரத்த ஓட்டம்தான். நரம்பிலிருந்தும் குழாய்ச் சுவரிலிருந்தும் நைட்ரிக் ஆக்சைடு சுரந்து, தசை தளர்ந்து, ரத்தம் உள்ளே பாய்கிறது. நைட்ரிக் ஆக்சைடு உடலில் இப்படிச் செய்தி சொல்லும் பொருளாக வேலை செய்கிறது என்று காட்டியதற்குத்தான் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆணுறுப்பின் தமனிகள் ஒன்றிரண்டு மில்லி மீட்டர் அகலம்தான். இதயத் தமனிகள் மூன்று நான்கு மில்லி மீட்டர். கொழுப்பு படியத் தொடங்கினால் குறுகலான குழாயில்தான் குறை முதலில் தெரியும். அதனால்தான் மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்பே விறைப்புக் குறைபாடு தலைகாட்டுவதைப் பல ஆய்வுகள் கண்டன. நாற்பது ஐம்பது வயதில் இந்தச் சிக்கலோடு வருபவருக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்க்காமல் மாத்திரை மட்டும் எழுதிக் கொடுப்பது, உயிரைக் காக்கக் கிடைத்த வாய்ப்பைக் கைநழுவ விடுவது. வெட்கப்பட்டு மறைத்துவைப்பவர் தன் இதயத்தைப் பற்றிய எச்சரிக்கையையும் சேர்த்தே மறைக்கிறார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 40 முதல் 70 வயதுவரை உள்ள ஆண்களிடம் கேட்டபோது 52 சதவீதம் பேர் ஏதோ ஓர் அளவில் இந்தச் சிக்கல் இருப்பதாகச் சொன்னார்கள். இதில் நீங்கள் தனி ஆள் இல்லை.

விறைப்புக்கான சில்டெனாஃபில் (வயாகரா) மாத்திரையை நானே வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. நெஞ்சுவலிக்காக நைட்ரேட் மருந்து எடுப்பவர் இதைச் சேர்த்து எடுத்தால் ரத்த அழுத்தம் சட்டென்று சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். மருத்துவர் பார்த்துக் கொடுத்தால் நம்பகமான மருந்துதான். நெஞ்சுவலிக்காகச் சோதித்தபோதுதான் விறைப்புக்கான இந்தப் பலன் தெரியவந்தது, 1998-ல் அனுமதியும் கிடைத்தது. 'முழுக்க இயற்கை' என்று விற்கப்படும் வீரிய மருந்துகளில் இதே சில்டெனாஃபிலைச் சொல்லாமல் கலந்திருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பலமுறை பிடித்து எச்சரித்திருக்கிறது. அதிர்வலைச் சிகிச்சை, ஸ்டெம் செல், ரத்தத் தட்டணு ஊசி ஆகியவற்றை அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கம் இன்னும் ஆய்வு நிலையில் உள்ளவை என்றே வகைப்படுத்தியிருக்கிறது.

எவ்வளவு நேரம் நீடித்தால் இயல்பு?

ஐந்து நாடுகளில் 500 தம்பதிகள் கையில் ஸ்டாப்வாட்சோடு அளந்து தந்த ஆய்வு ஒன்று 2005-ல் வந்தது. நடு அளவு 5.4 நிமிடம். ஒரு நிமிடத்துக்கும் குறைவானவர்கள் இருந்தார்கள், 40 நிமிடத்தைத் தாண்டியவர்களும் இருந்தார்கள். ஆரம்பம் முதலே ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குள், அல்லது பின்னாளில் தொடங்கி ஏறக்குறைய மூன்று நிமிடத்துக்குள், கட்டுப்படுத்த முடியாமல், மன வருத்தம் தரும் வகையில் நடந்தால்தான் விந்து முந்துதல் என்று மருத்துவம் பெயர் வைக்கிறது. அப்படி இருந்தால் மாத்திரை, மரத்துப்போகச் செய்யும் களிம்பு, பயிற்சி என்று நல்ல சிகிச்சைகள் உள்ளன.

சுய இன்பத்தால் ஆண்மை போய்விடுமா?

போகாது. விந்தின் பெரும்பகுதி விந்துப்பையிலும் புராஸ்டேட்டிலும் சுரக்கும் நீர்தான், உடல் அதைத் தொடர்ந்து தயாரித்துக்கொண்டே இருக்கிறது. இந்த வீண் பயத்தில் வாடுகிற இளைஞர்களுக்கு அந்தப் பயம்தான் நோய்.

ஆணுறுப்பின் அளவு?

15,000-க்கும் மேற்பட்ட ஆண்களின் அளவுகளைத் தொகுத்த 2015 ஆய்வில், விறைத்த நிலையில் சராசரி 13.12 சென்டி மீட்டர். கவலையோடு வருபவர்களில் பெரும்பாலோர் இயல்பான அளவுக்குள்தான் இருக்கிறார்கள். தந்தையாவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

வேரிகோசீல் இருக்கிறது என்றார்கள். அறுவை சிகிச்சை அவசியமா?

விதைப்பையின் சிரைகள் புடைத்துப் புழுக்கள் சுருண்ட பைபோல் கைக்குத் தட்டுப்படுவது இது. எல்லா ஆண்களிலும் சுமார் 15 சதவீதம் பேருக்கு உண்டு. குழந்தையின்மைக்காக வருபவர்களில் 35 முதல் 40 சதவீதம். கைக்குத் தட்டுப்பட்டு, விந்துப் பரிசோதனையும் சரியில்லாமல், குழந்தைக்கு முயல்பவராகவும் இருந்தால் அறுவை சிகிச்சை உதவலாம். ஸ்கேனில் மட்டும் தெரியும் சிறு வீக்கத்துக்குக் கத்தி தேவையில்லை.

விந்தில் அணுவே இல்லை என்று வந்துவிட்டது. கதவு மூடிவிட்டதா?

ஆண்களில் நூற்றுக்கு ஒருவருக்கு இப்படி. முதலில் பார்க்க வேண்டியது, உற்பத்தி இருந்தும் வழி அடைத்திருக்கிறதா, உற்பத்தியே இல்லையா என்பது. அடைப்பு என்றால் விதையிலிருந்தே அணுவை எடுத்துவிடலாம். உற்பத்திக் குறைவு என்றால் ஹார்மோன், குரோமோசோம், ஒய் குரோமோசோமில் விடுபட்ட துண்டுகள் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். ஓர் எக்ஸ் கூடுதலாக உள்ள கிளைன்ஃபெல்டர் நிலை ஏறக்குறைய 600 ஆண்களில் ஒருவருக்கு இருக்கிறது. பலர் இந்தப் பரிசோதனைவரை அதை அறிவதே இல்லை. மூளையிலிருந்து கட்டளை ஹார்மோன் வராததுதான் காரணம் என்றால், அதை ஊசியாகக் கொடுத்தே உற்பத்தியைத் தொடங்க முடியும்.

1992-க்கு முன் இவர்களில் பலருக்கு வழியே இல்லை. அந்த ஆண்டு பிரசெல்ஸில், ஒரே ஒரு விந்தணுவை முட்டைக்குள் நேரடியாகச் செலுத்தும் இக்ஸி முறையில் கருவுற்றதை அறிவித்தார்கள். உற்பத்தி அறவே இல்லாததுபோல் தோன்றும் விதையிலும் நுண்ணோக்கி வைத்துத் தேடினால் ஏறக்குறைய பாதிப் பேரிடம் சில அணுக்கள் கிடைக்கின்றன.

ஆண்களுக்கான கருத்தடை மாத்திரை எப்போது வரும்?

இன்று ஆண்களுக்கு இருப்பவை ஆணுறையும், விந்துக் குழாயை வெட்டிக் கட்டும் வாசக்டமி அறுவை சிகிச்சையும்தான். வாசக்டமி டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்காது, விறைப்பைக் கெடுக்காது. ஆனால் பின்னர் ஒருமுறை விந்தைப் பரிசோதித்து அணு இல்லை என்று உறுதியாகும்வரை வேறு பாதுகாப்பு வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஹார்மோன் ஊசி 320 ஆண்களிடம் சோதிக்கப்பட்டு, கருத்தரிப்பை நன்றாகவே தடுத்தது. மனச்சோர்வு உள்ளிட்ட பக்கவிளைவுகளால் 2011-ல் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. அப்படியும், பங்கேற்றவர்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் தொடரத் தயார் என்றார்கள். ஆண்கள் பொறுப்பேற்க மாட்டார்கள் என்று பேசுபவர்களுக்கு இந்த எண்ணிக்கையைக் காட்ட வேண்டும். தோளில் தினமும் தடவும் ஹார்மோன் ஜெல்லும், ஹார்மோன் இல்லாமல் விந்தணு உற்பத்தியை நிறுத்தும் ஒய்.சி.டி.-529 மாத்திரையும் மனிதர்களிடம் சோதனையில் இருக்கின்றன.

புற்றுநோய்ச் சிகிச்சை தொடங்கப்போகிறது. பிறகு குழந்தை பெற முடியுமா?

முதல் கீமோ ஊசிக்கு முன்பே விந்தை உறையவைத்துச் சேமியுங்கள். உறையவைத்த விந்தணுவில் குழந்தை பிறந்தது 1953-லேயே நடந்துவிட்டது. விந்தைச் சேமிக்க ஓரிரு நாள் போதும், சிகிச்சை தள்ளிப்போகாது. மருத்துவர் சிகிச்சை அவசரத்தில் மறந்துவிட்டால் நீங்கள் நினைவூட்டுங்கள். விதைப் புற்றுநோய் 15 முதல் 35 வயதுவரை உள்ளவர்களைத்தான் அதிகம் தாக்குகிறது, அவர்களில் மிகப் பெரும்பாலோர் குணமாகி நெடுங்காலம் வாழ்கிறார்கள் என்பதால் இது முக்கியம்.

பருவம் எட்டாத சிறுவர்களிடம் உறையவைக்க விந்தணுவே இருக்காது. அவர்களுக்காக விதைத் திசுவின் சிறு துண்டை எடுத்துச் சேமிக்கும் முறை ஆய்வில் இருக்கிறது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில், பருவம் எட்டாத குரங்குகளின் திசுவை உறையவைத்து, பின்னர் அவற்றின் உடலிலேயே ஒட்டி வளர்த்து, அதில் உருவான விந்தணுவால் ஒரு குட்டி பிறந்ததை 2019-ல் அறிவித்தார்கள். மனிதர்களில் இது இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. ஆனாலும் திசுவைச் சேமித்துவைக்கும் மையங்கள் சில நாடுகளில் இயங்குகின்றன. மகனுக்குச் சிகிச்சை தொடங்கும் முன் அந்த வசதி உண்டா என்று பெற்றோர் கேட்டுவிட வேண்டும்.